பெண் பார்க்க வந்த அன்று வந்த பவுசர்

எங்கள் பிரதேச சபையை நான் திட்டாத வாரம் இல்லை. குப்பை எடுக்கிற ரக்ரர் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், விடியவே என்ன பாட்டு என்பேன். பாட்டில்லாமல் வந்துபோனால், சொல்லாமல் போய்விட்டார்கள் என்பேன். சபையின் நூலகத்தில், சபையின் மின்விசிறிக்குக் கீழே, சபை வாங்கிப் போடும் பேப்பரைப் படித்துக்கொண்டே சபையைத் திட்டியிருக்கிறேன். மூக்கு நுனியில் கோபம் உள்ளவனுக்கு ஊரில் ஒரு சபை இருப்பது பெரிய வசதி.

சென்ற மாரியில்தான் அவர்களிடம் நான் குழைந்து பேசவேண்டி வந்தது. கிளிநொச்சியில் மழை பிடித்தால் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்துவிடும். எங்கள் கக்கூஸ் குழி நிரம்பி, வாளித் தண்ணீர் ஊற்றினாலும் இறங்க மறுத்தது. அந்த வெள்ளிக்கிழமைதான் வற்றாப்பளைப் பக்கமிருந்து மகளைப் பெண் பார்க்க வர இருந்தார்கள்.

மகள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அதற்கு முன் வந்த சம்பந்தங்களில் ஒன்று செவ்வாயால் போனது. மற்றது பலகாரம் எல்லாம் சாப்பிட்டுவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் போனது. இந்த முறை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி, அப்பா. இனி ஒருத்தருக்கு முன்னாலயும் தேத்தண்ணித் தட்டோட வந்து நிக்கமாட்டன்." அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று மனைவி என்னைப் பார்த்தபடியே கேட்டாள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்று மனைவி புத்தி சொன்னாள். நானும் சபைக்குப் போன் எடுத்துப் பாடினேன். மழைக்குள் எல்லாரும் கேட்கிறார்கள், குழி உறிஞ்சுகிற பவுசர் ஒன்றுதான் இருக்கிறது, வியாழக்கிழமை உங்கள் முறை என்றாள் அங்கிருந்த பிள்ளை. வியாழன் பின்னேரம் அவளே எடுத்து, பவுசர் வேறொரு ஒழுங்கையில் சேற்றில் புதைந்துவிட்டது, நாளை காலை முதல் வேலையாக அனுப்புகிறோம் என்றாள். திட்ட வாய் வந்தது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நன்றி சொன்னேன்.

முதல் வேலை பத்து மணிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கும். அது கழிந்து மத்தியானம்தான் மாப்பிள்ளை வீட்டார் வருவதாகப் பேச்சு. அதனால் எனக்குப் பெரிய பயமில்லை. பவுசரைப் படலையடியில் நிறுத்தி, தடித்த ஹோசை முற்றம் வழியாகப் பின்வளவுக்கு இழுத்துப் போட்டார்கள். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் வாடை கிளம்பியது. மனைவி அவசரமாகச் சாம்பிராணி போட்டாள். இரண்டும் கலந்தபோது முன்னையது பரவாயில்லை என்று பட்டது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் ஒரு வான் திரும்பியது. இராகுகாலத்தில் நடுவழியில் நிற்பானேன், அதற்கு முன்னரே வீட்டுக்குள் கால் வைத்துவிடுவோம் என்று நினைத்து அவர்கள் வேளைக்கே புறப்பட்டிருக்கிறார்கள். பவுசருக்குப் பின்னால் வான் நின்றது. மாப்பிள்ளையின் தகப்பன் இறங்கி, கைக்கடிகாரத்தையும் பவுசரையும் மாறி மாறிப் பார்த்தார். என் மானம் கப்பலேறிவிட்டது. இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி படலைப் பக்கம் போனேன்.

அடுத்ததாக மாப்பிள்ளையின் தாய் இறங்கினார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. நேரே என்னிடம் வராமல் ஹோஸ் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் போனார்.

"தம்பி, எங்கட பக்கமும் வருவியளோ? எங்கட குழியும் நிரம்பிப்போய்க் கிடக்கு. கும்பிடப்போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி நிக்கிறியள்."

அது எங்கள் எல்லை இல்லை, ஆனால் உங்கள் சபை கேட்டால் எங்கள் சபை அனுப்பும் என்று ஹோஸ்காரர் விளக்கினார். யாரிடம் கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும் என்று அந்த அம்மா ஆற அமர விசாரித்தார். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஹோசைக் கடந்து, பத்தரைக்கு முன்னரே வீட்டுக்குள் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்கோ அண்ணை, எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே" என்றபடி கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார்.

குசினிக்குள் மகள் சிரித்தாள். யன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெண் பார்க்கிற நாளில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாடையால் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் தட்டை வைத்துவிட்டு நிற்கவில்லை, தானும் ஒரு கதிரையில் இருந்தாள். மாப்பிள்ளையும் அவளும் படிப்பித்தல் பற்றி ஏதோ கதைத்தார்கள். பவுசர் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பின்னேரம் போன் வந்தது. ஓடிப்போய் எடுத்தேன். அந்த அம்மாதான்.

"எங்களுக்கு நல்ல விருப்பம், அண்ணை. பிள்ளைக்கும் விருப்பமோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

நான் திரும்புவதற்குள் மகள் போனைக் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

"ஓம், மாமி" என்றாள்.