கடைசிக் கயிறு யாருடையது

என் கடைத் தார்ப்பாயின் முன்மூலையில் ஒரு கயிற்று வால் தொங்கும். நீல நைலான் கயிறு. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினால் எட்டும். வெயிலில் வெளுத்துப்போய், கை பட்டுப் பட்டு நுனி மட்டும் கறுத்திருக்கும். தி.நகரில் ரயிலடிப் பக்கம் போகும் தெருக்களில் ஒன்றில், நடைபாதையில் கடை. ஊக்கு, பொட்டு, ஹேர்பின், கிளிப் விற்கிறேன். அம்மாவோடு வரும் பிள்ளைகளுக்குக் கிளிப்பைவிட அந்தக் கயிற்றின் மேல்தான் கண். தொடாதே கண்ணு என்பேன். தொட்டால் என்ன ஆகும் என்று கேட்கும். வானம் விழும் என்பேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. அதை ஒரு இழுப்பு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து தார்ப்பாய் மொத்தமும் சரக்கின் மேல் விழும். விழுவதற்கென்றே அப்படிக் கட்டியிருக்கிறது. கட்டச் சொன்னவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ஃபயர் சார்.

அவர் வருவதற்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரே அபாயம் கார்ப்பரேஷன் லாரி. கடைகளை எடுக்க அது வந்தால் தெருமுனையில் இருப்பவர் "வண்டி" என்று ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரல் வாய்க்கு வாய் மாறி உள்ளே வரும். விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, மூட்டையாக்கி, தோளில் போட்டுக்கொண்டு ஓடுவோம். லாரியில் வருகிறவர்கள் மேல் கோபம் இல்லை. அவர்கள் வேலை அது, எங்கள் வேலை ஓடுவது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது நான் முதலில் பழகியது ஓடத்தான். வியாபாரம் பிறகுதான் வந்தது.

ஒருநாள் தெருவின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடையில் தீப்பிடித்தது. யாரோ போன் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் முனையில் பெரிதாக ஒரு வண்டி திரும்பியது. அது சிவப்பா, வேறு நிறமா என்று யாரும் பார்க்கவில்லை. முனைக்காரர் பழக்கதோஷத்தில் "வண்டி" என்று கத்திவிட்டார். அவ்வளவுதான். தெரு மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு நடுரோட்டில் இறங்கியது. எனக்கு எதிர்க்கடை பெல்ட் கடை. அந்தக் கடைக்காரர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உள்ளேயிருந்து தீக்குப் பயந்து ஓடி வந்தவர்களும், முனையிலிருந்து வண்டிக்குப் பயந்து ஓடிய நாங்களும் நடுவில் முட்டிக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் தீயணைப்பு வண்டி நகர முடியாமல் சைரன் போட்டுக்கொண்டு நின்றது. குறுக்கே கட்டியிருந்த தார்ப்பாய்கள் அதன் ஏணியில் மாட்டிக்கொண்டன. கடைசியில் அவர்கள் இறங்கி, குழாயைத் தோளில் சுமந்துகொண்டு ஓடினார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கடை போய்விட்டது.

திட்டுவதற்கு யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். சில நாள் கழித்து ஒருவர் வந்தார். காக்கி இல்லை. கட்டம் போட்ட சட்டை, ரப்பர் செருப்பு, கையில் ஒரு கயிற்றுச் சுருள். தெருவின் குறுக்கே கயிற்றைப் போட்டுப் பார்த்தார். பெல்ட் கடைக்காரர் எழுந்துவிட்டார்.

"இன்னா சார், அளவு எடுத்துகினு கீற? நாளைக்கு லாரி வருதா?"

"லாரி எனக்கு எதுக்குப்பா? அன்னைக்கு ஃபயர் வண்டியில வந்தவன் நான். உன் பெல்ட் ஒண்ணு எங்க ஏணியில தொங்கிக்கிட்டே ஸ்டேஷன் வரைக்கும் வந்துடுச்சு. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து சுருட்டி வைத்த பெல்ட்டை எடுத்து நீட்டினார். பெல்ட் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பக்கிள் நசுங்கிப் போச்சு" என்றார். தெரு சிரித்தது. அப்படித்தான் அவர் எங்களுக்குள் வந்தார்.

எங்கள் தெருவுக்கு எத்தனையோ அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். ஏன் ஓடினீர்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். நாங்கள் விஷயத்தைச் சொன்னோம். அவர் என் கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கேட்டார். அறிவில்லையா என்று கேட்கவில்லை. "லாரியைப் பாத்து ஓடுறத நான் நிறுத்த முடியாது. அது உங்க வயித்துப்பாடு. எங்க வண்டிக்கு வேற ஒரு சத்தம் வெச்சுக்குவோம்" என்றார். பிறகு கயிற்றைத் தெருவின் குறுக்கே தரையில் போட்டார். "இதுதான் என் வண்டியோட அகலம். இது மட்டும் எனக்கு வேணும். மிச்சத் தெரு எல்லாம் நீங்களே வெச்சுக்கங்க."

அந்தச் சத்தம்தான் "கயிறு." யாராவது "கயிறு" என்று கத்தினால் ஓடக் கூடாது. தார்ப்பாய் முடிச்சை இழுத்துவிட வேண்டும். அது சரக்கின் மேல் விழும். அதன் மேல் உட்கார்ந்துவிட வேண்டும். முதுகு சுவரில், கால் மடங்கி. வாங்க வந்தவர்களையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஏணிக்கும் வழி, கீழே சக்கரத்துக்கும் வழி. சரக்கு எங்கள் உடம்புக்கு அடியில் இருப்பதால் திருட்டுப் பயமும் இல்லை. முடிச்சை அவரே கடை கடையாகக் கட்டிக் காட்டினார். "காத்தடிச்சா அவுந்துக்காதா சார்?" என்று கேட்டேன். "காத்து இந்தப் பக்கமா இழுக்காதும்மா. ஆள் இழுத்தாத்தான் வரும்" என்றார்.

ஆள் என்றால் பெரிய ஆள்தான் என்று இல்லை. அந்த வாரமே ஒரு சின்னப் பெண் என் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டது. பொட்டு பார்த்துக்கொண்டிருந்த அதன் அம்மாவும் நானும் தார்ப்பாய்க்குள். எதிரில் பெல்ட் கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். உள்ளே இருட்டில் அந்த அம்மாள் பதறவே இல்லை. "அந்த மெரூன் பொட்டு இன்னும் கொறச்சுக் குடுப்பியா?" என்று கேட்டாள். குறைத்துக் கொடுத்தேன்.

லீவு நாட்களில் அவர் காலையில் வருவார். கூட்டம் சேருவதற்கு முன் முனையில் நின்று "கயிறு" என்று கத்துவார். முதல் முறை பாதிப் பேர் இழுத்தார்கள், பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். கடைசியாக எவர் தார்ப்பாய் விழுகிறதோ அவர் எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. டீ வாங்கித்தர மனசு வராத தெரு இது. முக்கால்வாசி நாள் மாட்டுவது பெல்ட் கடைக்காரர்தான். "என் முடிச்சு மட்டும் எப்டி சார் இறுகிக்குது? நீ இன்னாவோ பண்ணிட்ட" என்று சண்டைக்குப் போவார். "உன் வாய் வேலை செய்யற நேரத்துல கை செய்யல" என்பார் ஃபயர் சார்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவரோடும் அதிகம் பேசியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வழியை அடைக்கிறவர்கள் என்றுதான் அதுவரை எங்களை எல்லோரும் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே நினைத்துக்கொண்டோம். அவர் எங்களை அப்படிச் சொல்லவில்லை. "வண்டி என்கிட்ட இருக்கு, தண்ணி என்கிட்ட இருக்கு, வழி உங்ககிட்டதான் இருக்கு" என்பார். எங்களிடமும் இந்த ஊருக்குத் தேவைப்பட்ட ஒன்று இருந்தது. அன்றிலிருந்து கடை விரிக்கும்போது என் கை கொஞ்சம் வேறு மாதிரி வேலை செய்தது. முதலில் முடிச்சு. பிறகுதான் ஊக்கும் பொட்டும்.

என் மகள் அப்போது தெருவின் நடுவில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்றாம் மாடியில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றால் காலையிலிருந்து இரவு வரை நின்றாள். உட்காருவது அங்கே வழக்கம் இல்லை. தீபாவளி நெருங்கிய ஒரு மத்தியானம். தோளோடு தோள் உரசும் கூட்டம். திடீரென்று எல்லோர் முகமும் ஒரே பக்கம் திரும்பியது. அந்தக் கடையின் இரண்டாம் மாடி ஜன்னலில் கறுப்பாகப் புகை. அதற்கு மேல் மாடியில் என் மகள்.

எழுந்துவிட்டேன். செருப்பைக்கூடத் தேடவில்லை. ஓட வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. உடம்புக்கு அதுதானே பழக்கம். அந்த நேரம் முனையிலிருந்து "கயிறு" என்று குரல் வந்தது. வாய்க்கு வாய் மாறி, கிட்டே கிட்டே வந்தது. தார்ப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தமும் கூடவே வந்தது. எதிரில் பெல்ட் கடைக்காரர் என்னைப் பார்த்தார். மேலே இருப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.

"யக்கா, உக்காரு" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "நீ ஓடினா எல்லாம் ஓடும். உக்காருக்கா."

கயிற்றை இழுத்தேன். உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கிளிப் வாங்க வந்த ஒரு அம்மாளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் எவர் என்று தெரியாது. தார்ப்பாய்க்கு அடியில் ஊக்குகள் தொடையில் குத்தின. குத்தட்டும் என்று இருந்தேன். கூட்டம் இரண்டு பக்கமும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டாதவர்களைக் கடைக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தத் தெருவின் தரையைத் தீபாவளி மாதத்தில் நான் அன்றுதான் பார்த்தேன். தீயணைப்பு வண்டி என் முழங்காலுக்கு முன்னால் நிற்காமல் போனது. சக்கரத்தின் சூடு முகத்தில் அடித்தது. ஃபயர் சார் முன்னால் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

ஏணி போனது. தண்ணீர் போனது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பிறகு பக்கத்துச் சந்திலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோரும் கடைப் பெண்கள். மூக்கில் ஈரத் துணி. ஒரு சேலையை நீளமாகப் பிரித்து முந்தியை ஒருத்தி, நடுவை ஒருத்தி என்று பிடித்துக்கொண்டு, புகையில் ஒருத்தரை ஒருத்தர் விடாமல் பின்மாடிப்படி வழியாக இறங்கியிருந்தார்கள். முன்னால் ஒரு தீயணைப்புக்காரர், பின்னால் ஃபயர் சார். சேலையின் நடுவில் என் மகள். வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்பதாம்மா உக்கார்றேன் என்றாள்.

ஃபயர் சார் முகமெல்லாம் கரி. தெருவின் நீளத்தைப் பார்த்தார். விழுந்து கிடக்கும் தார்ப்பாய்களையும், அவற்றின் மேல் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தார். இருமிக்கொண்டே கேட்டார்.

"கடைசி யாரு?"

பெல்ட் கடைக்காரர் கையைத் தூக்கினார். "நான்தான் சார். உன் ஆளுங்களுக்கும் சேத்து டீ சொல்றேன்." அவர் கண் நனைந்திருந்தது. புகை என்றார்.

நான் மகள் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. கொஞ்ச காலத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது கடை கடையாக வந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். தெரு இப்போது மாறிவிட்டது. கேமரா வைத்திருக்கிறார்கள். கூட்ட நாட்களில் போலீஸ் உயரத்தில் நின்று மைக்கில் பேசுகிறது. நல்லதுதான். மகள் அபிராமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். வேலைக்கு இரண்டு பெண்கள். கடைக்கு அவள் முதலில் வாங்கிப் போட்டது மிஷின் இல்லை, ஸ்டூல்.

போன மாதம் ஒரு காலை, கூட்டம் சேரவில்லை. ஊக்கு அட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மனைவியோடு வந்து நின்றார். முடி நரைத்துவிட்டது. ரிட்டையர் ஆகி, தங்கள் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர் நேராக என் கடையின் முன்மூலைக்கு வந்தார். கையைத் தூக்கி அந்தக் கயிற்று வாலைப் பிடித்தார். ஒரே இழுப்பு.

வானம் விழுந்தது. எதிரில் "கயிறு" என்று பெல்ட் கடைக்காரர் கத்தினார். இரண்டு பக்கமும் மளமளவென்று தார்ப்பாய்கள் விழுந்தன. எங்கே சார் தீ, எங்கே தீ என்று முனையிலிருந்து கேட்டார்கள். நான் தார்ப்பாயை விலக்கி வெளியே வந்தபோது அவர் பழையபடி இடுப்பில் கை வைத்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி யாரு?" என்றார்.

"நான்தான் சார்" என்றேன்.

"யக்கா, உன்னுதுதான்கா மொதல்ல வுழுந்துச்சு! அவரே இஸ்தாரே!" என்றார் பெல்ட் கடைக்காரர்.

"நீ வாய மூடு. நான்தான் கடைசி."

ஃபயர் சார் என்னைப் பார்த்தார். சரி என்பது போலத் தலையை ஆட்டினார். தெரு முழுவதற்கும் டீ சொன்னேன். அவர் மனைவிக்குச் சர்க்கரை இல்லாமல். குடித்து முடித்து அவர்கள் சேலை எடுக்கப் போனார்கள். நான் தார்ப்பாயைத் தூக்கி மூலையில் மறுபடியும் அந்த முடிச்சைப் போட்டேன். வால் தொங்குகிறதா, கை எட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். எட்டியது.