ஸ்தோத்திரப் பக்கத்துக்குப் போன வரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், அதுவும் தமிழ் மட்டும். முன்னால் நடந்ததைப் பின்னால் போட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறைய மறந்தும் போய்விட்டது. அந்தக் காலத்து வெப்சைட்டைப் பற்றிச் சொல்லக் கேட்டீர்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பெங்களூரில் மர்பி டவுனை ஒட்டி எங்கள் சபை. சின்ன சர்ச்தான். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும், எங்களுக்கும் ஒரு வெப்சைட் வந்தது. அதைச் செய்தவர் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர். பீன்யாவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை, நாற்பது வயதிருக்கும், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவராகவே எங்கோ வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர், தமிழில் கையால் எழுதியதைப் படிக்கத் தடுமாறுவார். அதனால் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

சர்ச் வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். பெயர் போடக்கூடாது, 'ஒரு தாய்', 'ஒரு சகோதரர்' என்றுதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெட்டியைத் திறந்து நான் படிப்பேன். அவர் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டுவார், திரையில் தமிழ் விழும். அதை ஜெபப் பக்கத்தில் ஏற்றுவார். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் அதைப் பார்த்து, நாங்களும் ஜெபிக்கிறோம் என்று எழுதுவார்கள். வேண்டுதல் நிறைவேறிவிட்டால் அந்த வரியை எடுத்து ஸ்தோத்திரப் பக்கத்தில் போட வேண்டும். ஸ்தோத்திரம் என்றால் கடவுளுக்கு நன்றி சொல்வது.

மாதக் கடைசி சனிக்கிழமை வெப்சைட்டைச் சுத்தம் செய்யும் நாள். இன்டர்நெட்டில் காசு கொடுக்காமல் கிடைத்த இடம், கொஞ்சம்தான் கொள்ளும், பழசை எடுக்காவிட்டால் புதுசை ஏற்ற முடியாது என்பார் தம்பி. முடிந்துபோன கூட்டங்களின் அறிவிப்பு, திறக்காத படங்கள், எல்லாவற்றையும் எடுப்பார். ஒரு வருஷம் கிறிஸ்துமசுக்கு முதல் பக்கத்தில் பனி கொட்டுகிற மாதிரி வைத்தார். அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் வரைக்கும் கொட்டிக்கொண்டே இருந்தது. பாஸ்டரம்மா, "தம்பி, ஈஸ்டருக்காவது வெயில் அடிக்குமா?" என்று கேட்டபிறகுதான் எடுத்தார். வந்தவர்கள் நாலு வார்த்தை எழுதிப் போக ஒரு பக்கம் இருந்தது. அதில் யார் யாரோ கண்ட விளம்பரத்தையும் ஒட்டிவிட்டுப் போவார்கள். அதைத் துடைக்கும்போது, "ஆன்ட்டி, கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்க" என்பார். நானும் பார்ப்பேன்.

ஜெபப் பக்கம்தான் கஷ்டம். கேட்கும்போது எழுதிப் போடுகிறவர்கள், கிடைத்தபிறகு வந்து சொல்ல மறந்துவிடுவார்கள். பெயர் இல்லையென்றாலும் எங்கள் சபையில் யாருடைய சீட்டு என்று பாதி எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார்.

"கிட்னி கல்லு?"

"போயிடுச்சு தம்பி. நேத்து கோழி வாங்கினு போனாரு."

"அப்போ ஸ்தோத்திரம். பாலிடெக்னிக் சீட்டு?"

"கெடைச்சாச்சு."

"மாமியார் மனசு மாறணும்னு ஒண்ணு இருக்கே?"

"அது இருக்கட்டும் தம்பி. அதுக்கு இன்னும் நாளாகும்."

அவர் சிரிப்பார். வேலை இப்படித்தான் நடந்தது.

அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே எப்போதும் ஒரே வரி இருந்தது. அது எதிர்வீட்டு அக்காவின் வேண்டுதல். அக்காவுக்கு ஒரே மகன். படிப்பைப் பாதியில் விட்டான் என்று அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில், ஊரே பார்க்க, அவனைக் கை நீட்டி அடித்துவிட்டார். அன்றைக்குப் போனவன்தான். பம்பாயிலிருந்து ஒரு தடவை கடை போனுக்குப் பேசினான். "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அப்பா தவறிப்போனார். சொல்லி அனுப்ப விலாசம் இல்லை. பக்கத்து ஏரியா நீலசந்திராக்காரர் ஒருவர் லீவுக்கு வந்தபோது, மஸ்கட்டில் ஒரு நெட் கடையில் அவனைப் போல ஒருவனைப் பார்த்தேன், கூப்பிடுவதற்குள் எழுந்து போய்விட்டான் என்றார்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் கம்ப்யூட்டர் பாக்கறவன்டி. ஊர் ஞாபகம் வந்தா நம்ம சர்ச்சு பேரத்தான் தட்டிப் பாப்பான். வேற எத தட்டுவான்?"

அதனால் அவர் எழுதிய சீட்டு ஜெபம் மாதிரியே இருக்காது. மர்பி டவுனில் ஒரு தாய், என் மகன் வீட்டுக்கு வர வேண்டும், அவன் அப்பா தவறிவிட்டது அவனுக்குத் தெரியாது, இங்கே அவன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. இவ்வளவுதான். நான் படித்தபோது தம்பி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு ஒரு எழுத்து மாற்றாமல் ஏற்றினார். ஒவ்வொரு சுத்தத்திலும் அந்த வரிக்கு வந்தால் நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், அவர் கேட்காமலே தாண்டிப் போவார்.

அப்புறம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. ஓசூரில் மகள் வீட்டில் போய் இருந்தேன். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் ஒரு சுத்தம் செய்யும் சனிக்கிழமை போயிருந்தது. அதைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை.

வந்த முதல் ஞாயிறு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்டர் ஸ்தோத்திரப் பக்கத்தை அச்சு எடுத்து ஆராதனையில் வாசிப்பார். அன்றைக்கு வாசித்துக்கொண்டே வந்தவர், "மர்பி டவுனில் ஒரு தாய், தன் மகன் வீடு திரும்பியதற்காக" என்றார். சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. நானும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். முகம் எப்படியோ மாறிவிட்டது.

"வந்திருக்கான்டி" என்றார், காதோடு. "நேரா பாஸ்டரப் பாத்திருக்கான். வீட்டுக்கு வர பயம். அப்பா இருக்காருன்னு நெனச்சினு இருப்பான்."

பின்னால் திரும்பி வரிசை வரிசையாகப் பார்த்தார். எழுந்தார். நான் முந்தானையைப் பிடித்தேன், நிற்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கேட் வரைக்கும் போய்விட்டார். வெயிலில் கண் கூச நானும் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வெளியே இரண்டு ஆட்டோ நின்றிருந்தது. இரண்டுக்குள்ளும் குனிந்து பார்த்தார். ஒரு டிரைவர் கன்னடத்தில், "யாரு பேக்கு அம்மா?" என்றார். யார் வேண்டும் என்று கேட்கிறார். அக்கா ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

உள்ளே பாட்டு முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். "பையன் வந்துட்டானாமே, ஸ்வீட் எங்க?" என்று இரண்டு பேர் கட்டிப்பிடித்தார்கள். அக்கா அவர்களிடமே, "எங்க நிக்கிறான்? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நான் அவரை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டிப்போனேன். தம்பி அங்கே பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"ஆன்ட்டி, அவங்க பையன் வரலியா?" என்று என்னைக் கேட்டார்.

"யாரு சொன்னது தம்பி, அவன் வந்தான்னு?"

"யாரும் சொல்லல. போன மாசம் எடமே இல்ல. நீங்களும் இல்ல, எது முடிஞ்சுது, எது முடியலன்னு கேக்க ஆள் இல்ல. பழசா இருந்ததெல்லாம்... டெலிட் பண்ணலாம்னுதான் உக்காந்தேன். ஜெபத்த எப்படி ஆன்ட்டி குப்பையில போடறது? கை வரல. இத்தன நாள் ஆச்சே, கர்த்தர் கேட்டிருப்பாருன்னு எல்லாத்தையும் சின்னச் சின்னதா வெட்டி ஸ்தோத்திரத்துல போட்டுட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்கும் இல்லை. தூக்கி எறிந்திருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். மனசு கேட்காமல் செய்ததுதான் இப்படி ஆயிற்று.

அக்கா அழவில்லை. தம்பியைக் கேட்டார்.

"இப்டி மாத்தி போட்டு எத்தினி நாளாச்சு?"

"போன மாசக் கடைசியிலேர்ந்து."

"அதுல எத்தினி பேர் பாத்திருப்பாங்க?"

பக்கத்தின் அடியில் வந்தவர்களைக் கணக்குக் காட்டும் எண் ஒன்று ஓடும். தம்பி கம்ப்யூட்டரைப் போட்டு, போன் லைன் கீச்சிட்டு முடிகிற வரைக்கும் காத்திருந்து, அதைக் காட்டினார். யார் என்று தெரியாது, எத்தனை பேர் என்று மட்டும் தெரியும் என்றார்.

"இதுல ஒருத்தன் அவனா இருந்தா?" என்றார் அக்கா. "அப்பா செத்தாருன்னு எழுதினது போச்சு. கோவம் இல்லேன்னு சொன்னதும் போச்சு. வேற எந்தத் தாயோ புள்ளைய கண்டுபிடிச்சுட்டான்னு நெனைப்பான். நம்மள யாரும் தேடலேன்னு பக்கத்த மூடிட்டுப் போயிருப்பான்."

அப்படி ஆகியிருக்காது என்று நானாவது சொல்லியிருக்கலாம்.

தம்பி அப்போதே பழைய வரியை முழுசாக ஜெபப் பக்கத்தின் தலையில் போட்டார், எழுத்தைப் பெரிசாக்கி. ஸ்தோத்திரத்திலிருந்து அந்த வரியை எடுத்தார். அடுத்த ஞாயிறு பாஸ்டரும் தவறு நடந்துவிட்டது என்று சபையில் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அந்தப் பக்கத்தின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. வாரத்தில் ஒரு நாள் அல்சூர் மார்க்கெட் பக்கம் இருந்த நெட் கடைக்கு என்னைக் கூட்டிப்போவார். கடைக்காரம்மா பக்கத்தைத் திறந்து காட்டுவார். சில நாள் தமிழ் எழுத்து வராமல் கட்டம் கட்டமாகத் தெரியும். அன்றைக்கு அக்காவுக்குச் சோறு இறங்காது. தெரிகிற நாளில் நான் வாசிப்பேன். "இருக்குதா?" என்பார். "இருக்குது அக்கா" என்பேன்.

சில வருஷத்தில் அந்த இலவச இடத்தை மூடிவிட்டார்கள். சபைக்குப் புதுசாக, அழகாக ஒரு வெப்சைட் செய்தார்கள், எல்லாம் இங்கிலீஷில். ஜெபப் பக்கம் அதில் இல்லை. அதற்குள் அக்கா கோலார் தங்கவயலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே தவறிவிட்டார். மகன் வந்தானா என்று கேட்கிறீர்களா? வரவில்லை. அந்த ஒரு மாதத்தால்தான் வரவில்லை என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஓசூருக்குப் போகும் முன்னால், அந்த வரியைத் தொடாதே என்று தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

வருஷம், மாதம் எல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தத் தம்பி இப்போது மைசூரில் இருக்கிறார், அவரிடம் யாராவது கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று. மூடிப்போன பழைய பக்கங்களை எங்கோ படம் பிடித்த மாதிரி அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று பேத்தி சொல்கிறாள். விஷயம் தெரிந்தவர்கள் தேடிப் பாருங்கள். எங்கள் சபையின் பக்கம் கிடைத்தால், அதில் அக்காவின் வரி ஜெபத்தில் இருக்கிறதா, ஸ்தோத்திரத்தில் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.