பழைய கஞ்சாவும் பகல் தூக்கமும்

ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. படுத்தால் கண் மூடும். பன்னிரண்டுக்கு ஒருமுறை, இரண்டுக்கு ஒருமுறை, நாலுக்கு ஒருமுறை திறந்துகொள்ளும். மெமோ கொடுத்து எழுப்புவது போல நேரம் தவறாது. மனைவி இறந்ததும் நான் ஓய்வு பெற்றதும் ஒரே வருடம். இரண்டு வருடமாகப் பெரம்பலூர் வீட்டில் தனியாக இருக்கிறேன். டாக்டர் வயசு என்றார். பக்கத்து வீட்டுக்காரர் காபி என்றார். காபியை விட்டுப் பார்த்தேன். வயசை விடும் வழி தெரியவில்லை.

இதில் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. நான் தூக்கத்தில் பேர்போனவன். அரியலூர் பக்கம் ஒரு சின்னக் கோர்ட்டில் ஒன்பது வருடம் சொத்து அறை கிளார்க்காக இருந்தேன். வழக்குகளில் போலீஸ் கைப்பற்றிய சாமான்களைத் தீர்ப்பு வரும்வரை வைத்திருக்கும் அறை அது. ரத்தக் கறை படிந்த வேட்டி, அரிவாள், உடைந்த செல்போன், சாராய பாட்டில் என்று எது வந்தாலும் சீட்டுக் கட்டிப் பதிவேட்டில் ஏற்றுவேன். கேட்கும்போது எடுத்துக் கொடுப்பேன். நடுவில், மதியம் இரண்டு மணிக்கு மேல், தூங்குவேன். கண் அயர்வது என்று கௌரவமாகச் சொல்லக்கூடிய வகை அல்ல. வாய் திறந்து, கால் நீட்டி, மூலையில் இருந்த மூட்டைகளில் சாய்ந்து தூங்கிய தூக்கம் அது.

அந்த மூலையில் இருந்தவை கஞ்சா மூட்டைகள். அதனால் வக்கீல்கள் என்னைக் கஞ்சா சாமியார் என்று கூப்பிட்டார்கள். வெற்றிலை பாக்குகூடப் போடாதவன் நான். ஆனாலும் அந்தப் பேரில் ஏதோ ஒரு மரியாதை இருந்ததால் மறுப்பு மனு எதுவும் போடவில்லை.

மகன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் தூங்கலியாப்பா?" என்றான்.

"எங்கடா வருது?"

"இங்க கடையிலயே ஒன்னு விக்கிறாங்கப்பா. பழ மிட்டாய் மாதிரி இருக்கும். சி.பி.என்.னு பேரு. கஞ்சாவுலேர்ந்து வர்றதுதான், ஆனா போதை ரொம்பக் கம்மி. தூக்கத்துக்கு நல்லதுங்கிறாங்க. உங்களுக்கு அனுப்ப முடியாது."

"அனுப்பிடாத. நான் டேக் கட்டுன அறையிலயே என்னைக் கொண்டுபோயி டேக் கட்டிடுவாங்க."

சிரித்துவிட்டு வைத்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேரை முன்பே கேட்டிருந்தேன். நான் அந்த அறைக்கு வந்த புதிதில், ஒரு கஞ்சா வழக்கில் ஆய்வகத்து ரசாயன நிபுணர் சாட்சி சொல்ல வந்தார். முதல் பரிசோதனையில் இருந்த வீரியம் இரண்டாவதில் ஏன் இல்லை என்று வக்கீல் குடைந்தார். "பழசாகப் பழசாக, காத்தும் வெளிச்சமும் பட்டு, போதை குடுக்குற சரக்கு கொஞ்சம் கொஞ்சமா சி.பி.என்.ங்கிற பொருளா மாறிடுங்க. அதுல போதை கம்மி. தூக்கம் வரும்னு சொல்றாங்க, அதுக்குச் சரியான நிரூபணம் இல்லீங்க" என்றார் நிபுணர். "அப்படின்னா என் கட்சிக்காரர் வச்சிருந்தது தூக்க மருந்துங்களா?" என்றார் வக்கீல். மாஜிஸ்திரேட் அவரை உட்காரச் சொன்னார்.

பத்து வருடத்துக்கும் மேலான அந்த வாக்குமூலமும் மகன் சொன்ன மிட்டாயும் இப்போது என் தலைக்குள் ஒன்று சேர்ந்தன. சட்டம் கஞ்சாவைப் பிடிக்கிறது. வாய்தா மேல் வாய்தா போட்டு வருடக்கணக்கில் மூலையில் வைக்கிறது. தீர்ப்பு வருவதற்குள் அது வேறொன்றாக மாறிவிடுகிறது. அங்கே வெள்ளைக்காரன் மிட்டாயில் வைத்து விற்பதை இங்கே அரசாங்கமே மூட்டையில் வைத்து எனக்குத் தலையணையாகக் கொடுத்திருக்கிறது. நான் தூங்கியதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போனில் இதையே படித்தேன். தூக்கம் வரக்கூடும், வலி குறையக்கூடும், வீக்கம் வடியக்கூடும், ஆய்வகத்துக் கண்ணாடிக் குப்பிக்குள் சில கிருமிகள் செத்துப்போகக்கூடும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இன்னும் ஆராய வேண்டும் என்று ஒரு வால். இவ்வளவு தளர்ந்த சாட்சியத்தை வைத்துக்கொண்டு எங்கள் கோர்ட்டில் ஒரு கோழித் திருடனைக்கூட உள்ளே தள்ள முடியாது, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதைச் சாப்பிட வேண்டும் அல்லது புகைக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உடம்பில் ஏறாது என்றும் ஓரிடத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. அந்த வரியை மட்டும் வேகமாகக் கடந்துவிட்டேன். தூக்கம் இல்லாதவனுக்குத் தேவை நம்பிக்கை, ஆராய்ச்சி இல்லை.

மறு செவ்வாய்க்கிழமை அரியலூர் பஸ் ஏறினேன். முன்னால் சிமெண்ட் லாரிகள் வரிசை கட்டிப் போனதால் பஸ் ஊர்ந்தது. பையில் பென்ஷன் காகிதம் ஒன்றை வைத்திருந்தேன். அது கோர்ட்டுக்குள் நுழைய ஒரு சாக்கு. உண்மையான திட்டம், மதியம் இரண்டு மணிக்கு அந்த மூலையில் போய் உட்காருவது. அறுபத்திரண்டு வயதில் தூங்குவதற்காகப் பஸ் ஏறிப் போகிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த பெண் முப்பது வயதுக்காரி. சுறுசுறுப்பு. "வாங்க சார், டீ சொல்லட்டுங்களா?" என்றாள்.

"வேணாம்மா. கொஞ்ச நேரம் அந்த மூலையில உக்காந்துட்டுப் போறேன். பழைய பழக்கம்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மூட்டைகள் அதே இடத்தில் இருந்தன. சாய்ந்தேன். கண்ணை மூடினேன். மூச்சை ஆழமாக இழுத்தேன். இரண்டு மணி, இரண்டரை, மூன்று. கொசு கடித்ததுதான் மிச்சம்.

வெட்கத்தை விட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். சி.பி.என்., மிட்டாய், நிபுணரின் சாட்சியம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டாள். பிறகு, "சார், அது கஞ்சா இல்லீங்க. கொள்ளிடத்து மணல். மணல் திருட்டுக் கேஸோட சாம்பிளு" என்றாள்.

"கஞ்சா எங்க போச்சு?"

"நான் வரும்போதே இங்க கஞ்சா கிடையாதுங்களே. இருங்க, பாத்துடுவோம்."

அழிப்புப் பதிவேட்டை எடுத்து ஈரமில்லாத விரலால் பக்கங்களைத் தள்ளினாள். ஓரிடத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பினாள். கஞ்சா மூட்டைகள் அனைத்தும் எரிப்பதற்காக ஒப்படைக்கப்பட்டன. தேதிக்குக் கீழே கையெழுத்து. என் கையெழுத்து. "நீங்க ரிட்டயர் ஆவுறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே போயிருக்கு சார்."

அந்தத் தேதி எனக்குத் தெரியும். அழிக்க வேண்டிய சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவி அடுப்படியில் விழுந்துவிட்டாள், ஒரு பக்கம் கை கால் வரவில்லை என்றார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். எதில் போட்டேன் என்று அன்றும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை. நான் லீவில் இருந்த நாட்களில் அந்த மூலைக்கு மணல் வந்திருக்கிறது, வாடை போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. எந்த வழக்கு அரிவாள் எந்த அலமாரியில் என்று இருட்டிலும் சொல்லக்கூடிய எனக்கு, மூலையில் இருப்பது மணல் என்பது நாலு வருடம் தெரியவில்லை.

"கஞ்சா இருந்தப்பவும் தூங்குவீங்களா சார்?" என்று கேட்டாள் அவள்.

யோசித்தேன். அப்போது அந்த வாடைக்கு மூக்கில் கர்சீப்பைக் கட்டிக்கொண்டு எதிர்மூலையில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சா இருந்த ஐந்து வருடம் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. சாமியார் பட்டம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"இல்லம்மா" என்றேன். பதிவேட்டை மூடி அவளிடமே கொடுத்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கவாதத்தில் படுத்தவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். திருச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். பகலில் ஒரு ஆயா வந்தார். ராத்திரி நான். நாலு வருடம், பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நாலுக்கு. மனைவியைப் புரட்டும்போதெல்லாம், "தூக்கத்தக் கெடுத்துட்டேங்க" என்பாள், வாய் கோணிய குழறலில். பேசாமல் படு என்று சில சமயம் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. கோர்ட்டில் நான் தூங்கிய தூக்கம் அத்தனையும் அவள் கொடுத்தது. அதைப் போய்க் கஞ்சாவின் கணக்கில் எழுதியிருக்கிறேன். பாடுபட்டவளை விட்டுவிட்டு மணல் மூட்டைக்கு நன்றி சொன்ன முட்டாள் நான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிட்டான். "அந்த மிட்டாய் பத்தி இன்னும் விசாரிச்சேன்ப்பா" என்று ஆரம்பித்தான்.

"அது வேணாம்டா. எனக்கு வேலை செய்யாது."

"சாப்பிடாமலே எப்படிச் சொல்றீங்க?"

போன் மெதுவாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். தேவையில்லாததை எல்லாம் அழியுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தான். அவன் பேச்சைக் கேட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அலாரத்தில் மூன்று வரிகள் இருந்தன. பன்னிரண்டு, இரண்டு, நாலு. மூன்றும் அணைத்து வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் பெயரை நானே டைப் அடித்திருந்தேன்.

வழக்கு முடிந்த சொத்தை அழிக்க வேண்டும் என்பது விதி. ஒன்பது வருடம் அந்த விதிப்படி நடந்தவன் நான். அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரலைக் கொண்டுபோனேன். பிறகு மூன்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போனைக் கீழே வைத்தேன்.