பீடிக்குத் தனி அறை, ஊசிக்கு ஒரே பொந்து

2006 அல்லது 2007 ஆக இருக்கும். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் கேட் வாட்ச்மேனாக இருந்தேன். வாட்ச்மேன் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்குகிற வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் பட்டாசு கம்பெனி கேட்டுக்கு வந்து பார்க்கட்டும். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்க்க வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன், சாவிக்கொத்து, இரும்புச் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது. மடியில் மறந்து வைத்த ஒரு தீக்குச்சி போதும், ஒரு ஷெட் போய்விடும். அதனால் நான் யாருக்கும் முகம் பார்த்ததில்லை. முதலாளியின் மைத்துனரிடமே செல்போனை வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன்.

கேட் ஓரத்தில் ஒரு மர அலமாரி உண்டு. சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். காலையில் அவரவர் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் அவரவர் அறையில் வைப்பேன். சாயங்காலம் எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பேன். ஒருவன் பீடி இன்னொருவன் கைக்குப் போனது என்று ஒரு நாள்கூடப் புகார் வந்ததில்லை. அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

பதினேழாம் எண் ஒரு லோடுமேனுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணமானவர், பேச்சு குறைவு. ஒரு நாள் காலை அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோற்றுக்கு மேலே பாலிதீன் சுற்றிய ஒரு சிரிஞ்சு. வலிக்கு டாக்டர் போடுகிற ஊசி மருந்தைப் போதைக்குப் போட்டுக்கொள்கிற கூட்டம் ஒன்று நம் பக்கமும் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

உள்ளே விடவில்லை. அதுவரை நான் செய்தது சரி. அதற்கு மேல்தான் என் புத்தி போனது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, பழக்கமான ஏட்டையாவை வரவழைத்து, அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது அவரைப் பிடித்துக் கொடுத்தேன். மறுநாள் உதடு வீங்கி வேலைக்கு வந்தார். வரிசையில் நின்றவர்களிடம், “பார்த்துக்கோங்கலே, ஊசியோட எவன் வந்தாலும் இதான்” என்று சத்தம் போட்டுச் சொன்னேன்.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் என் கேட்டில் ஒரு ஊசிகூடச் சிக்கவில்லை. ஒழித்துவிட்டேன் என்று திருத்தங்கல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனேன்.

தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். ஒரு நாள் காலை ஷிப்டுக்குச் சற்று முன்னால், கம்பெனிக்குப் பின்புறம் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே ஒருவன் தோள் பையோடு நிற்பதைப் பார்த்தேன். பையைப் பிடுங்கிப் பார்த்தால் உள்ளே பிரிக்காத சிரிஞ்சுகள். மூடி போட்ட ஒரு டப்பாவில் பழைய ஊசிகள். விற்கிறவனே மாட்டினான் என்று நினைத்தேன். சட்டையிலிருந்து ஏதோ அட்டையை எடுத்து நீட்டினான். அதைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். ஏட்டையாவுக்குப் போன் போட்டேன். அவரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

எஸ்.ஐ. புதிதாக மாறி வந்தவர். பையோடு நின்றவனைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டி, “உக்காருங்க” என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“கன்னம் என்ன செவந்திருக்கு? ஏட்டு, நீங்களா?”

“நான் இல்லீங்க ஐயா” என்று ஏட்டையா அவசரமாகச் சொல்லி என் பக்கம் கையைக் காட்டினார்.

விஷயம் இதுதான். அந்த ஆள் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பது அவர் வேலை. ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் ஒருவர் ரத்தத்தில் இருக்கிற எச்.ஐ.வி. நாலு பேருக்கும் போய்விடும், அதைத் தடுக்கத்தான். முந்தின வாரம் எஸ்.ஐ.யே இவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசி, இந்த வேலைக்கு போலீஸ் இடைஞ்சல் பண்ணாது என்று சொல்லியிருக்கிறார். அன்று லீவில் இருந்த ஏட்டையாவுக்கு அது தெரியாது. கேட்டில் நிற்கிற எங்களை எவன் கூப்பிடப் போகிறான்?

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “போதைக்காரனுக்கு ஊசி கொடுக்கிறதுக்கு போலீஸ் காவலா ஐயா? நாளைக்கு மருந்தையும் நீங்களே ஊத்திக் கொடுப்பீகளா?” என்று கேட்டுவிட்டேன்.

அறை வாங்கியவர்தான் பேசினார். “அண்ணாச்சி, உங்க கேட்ல ஊசி சிக்கி எம்புட்டு நாளாச்சு?”

“ஏழெட்டு மாசமா ஒண்ணுமில்ல. நாந்தான் ஒழிச்சேன்.”

“அப்ப வாங்க, நீங்க ஒழிச்சதைக் காட்டுறேன்.”

நாலு பேரும் போனோம். கம்பெனி மதிலுக்குப் பின்னால் பாழுங்கிணறு ஒன்று, பக்கத்தில் இடிந்த பம்ப்செட் ரூம். அதன் சுவரில் பெயர்ந்திருந்த ஒரு செங்கல்லை அவர் உருவினார். பொந்துக்குள்ளிருந்து பாலிதீன் பை ஒன்றை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு சிரிஞ்சு. மேலே இருந்த கோடும் நம்பரும் தேய்ந்து அழிந்திருந்தன. ஊசி வளைந்து, வளைந்ததை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

“இது ஒண்ணுதான். ஆளு ஆறு பேரு. ஆறு பேரும் தினம் உங்க கேட் வழியாப் போறவுகதான். ஆளுக்கு ஒண்ணு வச்சிருந்தா உங்க கையில சிக்கும். சிக்குனா ஏட்டையா தூக்கிருவாரு. அதான் ஒண்ணை இங்கன வச்சுட்டு மாத்தி மாத்திப் போடுறாங்க. புதுசு கொடுத்தாலும் வாங்கி வச்சுக்கப் பயப்படுறாங்க அண்ணாச்சி.”

ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “இதுல நம்ம பங்கும் இருக்கு, ஏட்டு” என்று எஸ்.ஐ. சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசி மனசை ஆற்றியிருப்பேன்.

ஒருவன் பீடி இன்னொருவன் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்ட நான், ஆறு பேரை ஒரே ஊசியில் கட்டி வைத்திருந்தேன். அவர்களில் யாருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது, யாருக்கு அந்தப் பொந்தில் வந்தது என்று எவனுக்குத் தெரியும்?

பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். ஊசி கம்பெனிக்குள் போகக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எஸ்.ஐ.யும் அதை ஒத்துக்கொண்டார். சைக்கிள் ஸ்டாண்டில் மேலே ஓட்டை போட்டுப் பூட்டிய ஒரு தகர டப்பா வைத்தோம். பழைய ஊசியை அதில் போட்டுவிடலாம். அந்தத் தொண்டு நிறுவனத்துக்காரர் சாயங்காலம் வந்து அதை எடுத்துக்கொண்டு, புதுசை வெளியிலேயே கொடுப்பார். யார் பையில் ஊசி இருந்தாலும் நான் டப்பாவைக் கைகாட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் போன் கிடையாது. ஏட்டையாவே வந்து வரிசைக்கு முன்னால் நின்று, “ஊசி வச்சிருந்தான்னு எவனையும் தூக்க மாட்டோம்” என்று சொன்னார்.

எவன் நம்புவான்? இரண்டு வாரம் டப்பா காலியாகவே கிடந்தது. “ஏட்டையா பொறி வச்சிருக்காரு, எலிதான் வரல” என்று வரிசையில் ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

முதலில் வந்தது பதினேழாம் எண். அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர். எல்லாரும் பார்க்க, வெயில் ஏறிய நேரத்தில், சைக்கிளை நிறுத்திவிட்டு மடியிலிருந்து ஊசியை எடுத்து டப்பாவில் போட்டார். டணக்கென்று சத்தம் கேட்டது. அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தார். நான் போனைத் தொடுகிறேனா என்று பார்த்திருக்கிறார். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரமே மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். பம்ப்செட் ரூம் பொந்தில் அதற்குப் பிறகு ஓணான்தான் இருந்தது.

ஆனால் அவருக்கு அது பிந்திவிட்டது. சீசன் முடிந்து ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று பாதியில் வெளியே விடச் சொன்னார். மறுநாள் எல்லாரும் உள்ளே போகும்வரை ஒதுங்கி நின்று, கடைசியில் என்னிடம் வந்தார்.

“இருக்குன்னு சொல்லிட்டாங்க அண்ணாச்சி. வீட்டுல அவளுக்கு இல்ல. அதாச்சும் மிஞ்சுச்சு.”

“என்னாலதானடா?” என்று கேட்டேன்.

“நீங்க போடச் சொல்லல. நாந்தான போட்டேன்” என்றார். உள்ளே போகத் திரும்பியவர் நின்று, “ஆனா தூக்குச்சட்டியில இருந்தது என் ஊசி அண்ணாச்சி. அதை நான் யாருக்கும் கொடுத்ததில்ல” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மதுரை பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். தூக்குச்சட்டியோடு உள்ளே கொண்டுபோனால் ஷெட்டில் யாராவது பார்த்து ஊரெல்லாம் பரப்புவார்கள் என்று பயந்தார். வீட்டிலும் மாமனார், மச்சினன் என்று ஆள் நடமாட்டம். அதனால் மாத்திரை டப்பாவை என்னிடம் கொடுத்து பதினேழாம் அறையில் வைக்கச் சொன்னார். ராத்திரிக்கு வேண்டியதை மட்டும் தினமும் ஒன்று எடுத்துப் போவார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பீடிக்கட்டுக்குப் பின்னால் வைத்தேன். காலையில் கேட்டில் நின்று ஒன்றை வாயில் போட்டு என் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போவார். நான் அங்கே வேலையை விடும்வரை அது நடந்தது. ஒரு நாள் தவறினாலும், “ஏலே, பதினேழு” என்று கத்திக் கூப்பிடுவேன். பீடியை மறந்துவிட்டான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

எஸ்.ஐ. அடுத்த வருடமே மாற்றலாகிப் போனார். அந்தத் தகர டப்பா இப்போது என்ன ஆனதோ தெரியாது. நான் அறைந்த ஆளிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்றைக்கும் யாராவது, “எங்க ஏரியாவுல அதெல்லாம் கிடையாது, ஒருத்தன்கூடச் சிக்கினதில்ல” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால், எனக்கு அந்தப் பெயர்ந்த செங்கல்தான் கண்ணில் வருகிறது. என் கையில் ஒன்றும் சிக்காத அந்த ஏழெட்டு மாதத்தில்தான் ஒரு மனுஷனுக்கு நோய் வந்திருக்கும் என்பதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது.