22/7-ஐ வகுத்த கணக்கு சார்

ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்த விடைத்தாளை என் மேசையில் வைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றாள். நான் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ‘22/7 விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா?’ என்பது கேள்வி. ‘இரண்டு முழு எண்களின் பின்னம், எனவே விகிதமுறு எண்’ என்று சரியாகவே எழுதியிருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் பெருக்கல் குறி. போட்டவர் ஓய்வுபெற மூன்று மாதமே இருந்த கணக்கு சார். நானும் ஒன்பதாம் வகுப்பில் அவரிடம்தான் படித்தேன்.

அன்று நானும் இதே விடையைத்தான் சொன்னேன். “பையோட மதிப்புதானே இது? பை விகிதமுறா எண்ணுன்னா இதும் அதுதான்” என்றார். “அது தோராயமான மதிப்புதானே சார்” என்றேன். இராஜாக்கமங்கலம் கடற்கரையில் என் அம்மா மீன் விற்பது அவருக்குத் தெரியும். “ஏட்டி, மீன் எண்ணப் போறவளுக்கு இவ்வளவு வாயா?” என்றார். வகுப்பு சிரித்தது. ‘22/7 விகிதமுறா எண்’ என்று நூறு தடவை எழுதி வரச் சொன்னார். எழுதினேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். பொய்யென்று தெரிந்ததை என் கையாலேயே நூறு தடவை எழுதியது மட்டும் ஆறவே இல்லை.

சிறுமியைக் கூட்டிக்கொண்டு அவருடைய வகுப்புக்குப் போனேன். “சார், இருபத்திரண்ட ஏழால வகுத்துக் காட்டுங்க” என்று சாக்பீஸை நீட்டினேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வகுத்தார். 3.142857 வந்ததும் மீதி மறுபடி ஒன்று. மறுபடி அதே 142857. அவர் கை நின்றது. பையின் இலக்கங்கள் இப்படிச் சுற்றி வராது என்பது அவருக்கும் தெரியும்.

“மதி டீச்சர், மனசிலாச்சு” என்றார் மெதுவாக.

“இன்னும் ஒரு சுற்று, சார்.”

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. வியர்வை சட்டையை நனைக்க, மூன்றாவது சுற்றையும் எழுதி முடித்தார். அவர் கையாலேயே அந்தச் சிவப்புக் குறியை அடித்து மதிப்பெண் போட வைத்தேன்.

மாலையில் என் அறைக்கு வந்தார். “நீங்க வந்த அன்னைக்கே ஆளு மனசிலாச்சு. அந்தக் காலத்துல சொன்னதெல்லாம் மனசுல வைக்காதீங்க டீச்சர்.”

“வச்சிருக்கேன் சார்” என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது, “வயசான மனுசன இப்பிடியா நாணங்கெடுத்துவ மக்கா?” என்று வருந்தினாள். எனக்கும் வருத்தம் வரும் என்று பல நாள் காத்திருந்தேன். வரவில்லை.

விடைபெறும் விழாவில் ஆளாளுக்கு அவரைப் புகழ்ந்தார்கள். என் முறை வந்தபோது அவர் தலை நிமிர்ந்து என்னையே பார்த்தார். “சார் ஒருநாளும் பிந்தி வந்ததில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.