மெர்லினும் இரண்டாவது லைனும்

மெர்லினுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆவூர்க்காரி. நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், ஏற்கெனவே ஓர் இடம் தட்டிப்போனதைக் காபி கொடுத்துக்கொண்டே சொன்னவள். அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி நெட்வொர்க் இன்ஜினியர் ஆனாளோ! பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் போனை எடுக்கிற எனக்கு அது இன்றுவரை புரியவில்லை.

முன்பு திருச்சியில் வேலை பார்த்தாள். விடியும் முன் பஸ் ஏறுவாள், இருட்டிய பின் இறங்குவாள். அவள் மகள் அம்மாவை முழித்த கண்ணோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கீரனூரில் ஆனந்தராஜ் சாரின் இன்டர்நெட் கம்பெனியில் இடம் இருக்கிறது என்றதும் ஓடி வந்துவிட்டாள். சார் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. இரண்டாவது லைனை ஒழுங்காக இணைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடி திருச்சி பஸ்தான்.

எங்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஏற்கெனவே ஒரு பெரிய கம்பெனியின் லைன் உண்டு. புது லைன் வேறொரு கம்பெனியுடையது. வழிகாட்டும் பெட்டிகளான ரூட்டர்கள் ஒன்றோடொன்று ஓயாமல் பேசிக்கொள்ளும், 'இந்த முகவரிக்குப் போகணுமா, என் வழியா வா' என்று. கேட்கிற ரூட்டர் அதை நம்பி இன்டர்நெட் போக்குவரத்தை அந்தப் பக்கம் திருப்பிவிடும். எங்கள் ரூட்டர் எங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகளை மட்டும் இரண்டு பக்கமும் சொன்னால் போதும்.

புதன்கிழமை காலை மெர்லின் புது லைனைத் திறந்தாள். அந்த அளவோடு நிறுத்தச் சொல்லும் கட்டளையைப் போட மறந்துவிட்டாள். பழைய கம்பெனியிடம் கேட்ட ஊருலகத்து வழிகளையெல்லாம் எங்கள் ரூட்டர் புதுக் கம்பெனியிடம் தன் வழியென்றே ஒப்பித்தது. அவர்களுடைய போக்குவரத்தெல்லாம் எங்கள் சின்ன லைனுக்குள் நுழையப் பார்த்தது. எனக்குப் போன் மேல் போன். குளத்தூரிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

சற்று நேரத்தில் எல்லாம் தானாக அடங்கியது. புது லைன் மட்டும் செத்துக் கிடந்தது.

"மாதாவே, ஊரான் வழியெல்லாம் நம்ம வழின்னு சொல்லிட்டேன்க்கா."

"சும்மா இரு. கோளாறு அவங்க பக்கம்னு சொல்லிருவோம். சாரும் வெளிய போயிருக்காரு" என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் அவள் புதுக் கம்பெனியின் இன்ஜினியர் வீரய்யாவுக்குப் போன் போட்டு, மூச்சுவிடாமல் அத்தனையும் சொல்லி முடித்திருந்தாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஒங்க ரூட்டரு அளவுக்கு மீறிச் சொன்னதும் எங்க ரூட்டரே லைனை வெட்டிருச்சும்மா. அப்படித்தான் வச்சிருக்கோம். பெரிய பாதிப்பு ஒண்ணும் இல்ல. வழக்கமா யாரும் ஒத்துக்கவே மாட்டாங்க. அவங்களை நம்பித் திரும்பத் தொறக்கவே ரெண்டு நாளு ஆகும். நீங்க நடந்ததை நடந்தபடி சொல்றீங்க. சரி பண்ணுங்க, இப்பவே தொறந்து விடுறேன்."

மெர்லின் கட்டளையைப் போட்டாள். லைன் வந்தது. இந்த முறை எங்கள் முகவரிகள் மட்டும் போயின. என் போனும் மறுபடி அலறவில்லை. அப்பாடா என்று தண்ணீர் குடித்தேன்.

ஆனந்தராஜ் சார் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் இவள் ஆரம்பித்துவிட்டாள். "சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"வீரய்யா பேசுனாரு. லைன் ஓடுதுல்ல? அப்புறம் என்னம்மா, ஒன் வேலையைப் பாரு."

அவள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள், கொஞ்சம் சிரித்தாள்.

சாயங்காலம் பால்வாடியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்தாள். திருச்சி பஸ் வந்து நின்றது. மெர்லின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் நடந்ததை முதலிலிருந்து மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.