அம்மாவின் பானை பொங்கிய நேரம்

என் அம்மா மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்தாள். ஓட்டல் அடுக்களைகளைச் சோதித்த அதே கண்ணோடுதான் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜையும் திறப்பாள். தோசை மாவு என்றைக்கு அரைத்தது என்று அவள் கேட்டால் அப்பாவே எழுந்து நின்றுவிடுவார். அப்பாவின் கண் ஆபரேஷன், கணவர் போனபின் எங்களோடு வந்துவிட்ட அத்தையின் பிரஷர் மாத்திரை, என் படிப்பு எல்லாம் அவள் சொன்னபடிதான். எங்களுக்கும் அதுதான் சௌகரியம்.

எனக்கு ஆறேழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. டாக்டர்கள் கைவிரித்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மா வேண்டிக்கொண்டாளாம்: குழந்தை பிழைத்துவிட்டால் தன் கையாலேயே அம்மனுக்குப் பொங்காலை இடுவதாக. நான் பிழைத்துவிட்டேன். அவளால்தான் பொங்காலை இட முடியவில்லை.

காரணம் உத்தியோகம். பொங்காலையன்று எங்கள் ஊர்த் தெருவெல்லாம் அடுப்புதான். எங்கிருந்தெல்லாமோ வரும் பெண்கள் செங்கல் வைத்து, கோயிலிலிருந்து அடுப்புக்கு அடுப்பு கைமாறி வரும் நெருப்பில் பானை ஏற்றுவார்கள். அத்தனை பேருக்கும் குடிநீர், கழிப்பறை, பூசாரி வந்து தீர்த்தம் தெளித்த கையோடு குப்பை வாரித் தெருவைக் கழுவுவது எல்லாம் அம்மாவின் பிரிவு. ஊரே பானை வைக்கும் நாளில் அவள் விடியுமுன் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அத்தை பலமுறை சொல்லிப் பார்த்தாள். "மன்னி, உங்களுக்குப் பதிலா நான் இடறேனே."

"என் கையாலன்னு சொல்லியிருக்கேன். ரிட்டயர் ஆகறவரைக்கும் தவணை கேட்டிருக்கேன், அம்மன் தருவா" என்பாள் அம்மா. அம்மனிடமும் மனுப் போட்டிருக்கிறாள் என்று நான் கேலி செய்வேன்.

போன வருஷம் ஓய்வு பெற்றாள். இந்த மாசியில் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்தாள். நான் ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் அடுப்பை ஊதியபோது முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அரிசி போட்டு, பானை நுரைகட்டத் தொடங்கிய நேரம் தெருமுனையில் கூச்சல். வெயில் தாங்காமல் ஒரு பெண் மயங்கி விழுந்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஆனால் வழியை மறித்து வரிசையாக அடுப்புகள். கொதிக்கிற பானையைப் பாதியில் இறக்க யாருக்கு மனசு வரும்? அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"மன்னி, இப்போ பொங்கிடும், கேட்டேளா" என்றாள் அத்தை.

"பொங்கட்டும். அங்க ஒருத்தி கிடக்கறா."

முட்டிவலிக்காரி விறுவிறுவென்று நடந்தாள். அவள் என்ன பேசினாள் என்று எங்கள் காதில் விழவில்லை. சற்று நேரத்தில் அங்கே பெண்கள் ஒவ்வொருவராகப் பானையை இறக்கி வழிவிடுவது தெரிந்தது.

இங்கே பானை பொங்கி வழிந்தது. நல்ல சகுனமாகக் கிழக்குப் பக்கம். அத்தை குலவையிட்டாள். பார்க்க வேண்டியவள் பக்கத்தில் இல்லை. பிறகு தண்ணீர் வற்றி, தீய்ந்த வாசனை வரத் தொடங்கியது. நான் கரண்டியை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதே. மன்னி கையாலன்னாக்கும் நேர்ச்சை."

"விறகையாவது இழுக்கட்டுமா?"

"அடுப்பு மட்டும் யாரோடதாம்?"

அந்த வேண்டுதலைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, பானை அடிபிடிப்பதை இருவரும் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றோம்.

அம்மா திரும்பி வந்தாள். "கண் முழிச்சுட்டா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாச்சு" என்றாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். வெல்லத்தையும் தேங்காயையும் போட்டுக் கிண்டினாள். பூசாரி வந்து தீர்த்தம் தெளித்தார். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று எனக்கு அழுகை முட்டியது.

குப்பை லாரியோடு வந்த பெண்கள் அம்மாவைப் பார்த்ததும் நின்றார்கள். எல்லாரும் அவளிடம் வேலை பார்த்தவர்கள். இலையில் பாயசம் வாங்கித் தின்ற ஒருத்தி, அடிபிடித்துவிட்டதே என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். "அடிக்குப் பிடிச்சல்லோ சாரே."

"டியூட்டி உண்டாயிருந்நு" என்றாள் அம்மா. ரிட்டயர் ஆனபிறகும் டியூட்டி இருந்ததாம்.

சாயங்காலம் தெருவைக் கழுவிவிட்டுப் போனார்கள். அம்மா நடுக்கூடத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தைலம் எடுத்து வந்தேன்.

"எந்தப் பக்கம் பொங்கித்து?" என்று அப்போதுதான் கேட்டாள்.

"கிழக்க."

"நீ பார்த்தியோ?"

"பார்த்தேன்மா. நீதான் பார்க்கலை."

"நீ இருந்து பார்க்கணும்னுதானேடி நேர்ந்துண்டேன்" என்று சொல்லிவிட்டு, தைலம் தேய்க்கக் காலை நீட்டினாள்.